வல்லநாட்டு வெளிமானின் பின்னங்கால்

ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்தையாபுரம் கறிக்கடையில் வெள்ளாட்டின் பின்னங்கால் ஒன்றை வெட்டாமல் முழுசாகக் கேட்டேன். தொடையிலிருந்து குளம்பு வரை அப்படியே வேண்டும் என்றதும் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"கீழ்க்கால்ல கறியே கிடையாதுல்லா அண்ணாச்சி. சூப்புக்குத்தான் ஆகும். முழுசா எதுக்கு?"

எலும்பைப் பார்க்கத்தான் என்றேன். அவர் சொன்ன அந்த வாக்கியத்தை அப்போது கேட்டுக்கொண்டதோடு சரி. வீட்டுக்கு வந்து, காலை வேகவைத்து, சதையை உரித்து, எலும்புகளை ஒவ்வொன்றாகப் பழைய செய்தித்தாளில் வரிசைப்படுத்தியபோதுதான் அது முழுக்க முழுக்க உடற்கூறியல் பாடம் என்று புரிந்தது. கீழ்க்காலில் கறி கிடையாது. வேகமாக ஓடும் குளம்பு விலங்குகளின் பின்னங்காலைப் பற்றிய ஆராய்ச்சி எல்லாமே இந்த ஒரு வரியைச் சுற்றித்தான் நடக்கிறது.

நான் அறிய விரும்பியது ஆட்டின் காலை அல்ல. எங்கள் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில், திருநெல்வேலி சாலையில் இருக்கிறது வல்லநாடு. தூத்துக்குடிக்குக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. அந்த ஊரின் குன்றில் வெளிமான்கள் வாழ்கின்றன. இந்தியாவில் இயற்கையாக வாழும் வெளிமான் கூட்டங்களில் தென்கோடியில் இருப்பது அதுதான். 1987-இல் 16.41 சதுர கிலோமீட்டர் பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்பதால் அதன் எலும்புத் துண்டு ஒன்றைக்கூட அனுமதியின்றி வீட்டில் வைத்திருக்க முடியாது, வைத்திருக்கவும் கூடாது. ஆனால் வெளிமானும் வெள்ளாடும் ஒரே குடும்பம். ஆகவே கறிக்கடைக் கால், நமக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும் நல்ல வழிகாட்டி.

ஒரே குடும்பம் என்றதும் சிலருக்குத் திடுக்கென்று இருக்கும். நாம் மான் என்று ஒரே சொல்லில் அழைப்பவை உண்மையில் தனித்தனிக் குடும்பங்களைச் சேர்ந்தவை. புள்ளிமான், கடமான், கேளையாடு ஆகியவற்றின் ஆண்களுக்குக் கிளைவிட்ட கொம்பு முளைத்து, உதிர்ந்து, மறுபடி முளைக்கும். வெளிமானின் முறுக்குக் கொம்பு உதிர்வதில்லை. உள்ளே எலும்புக் குருத்தும் வெளியே கொம்புறையுமாக ஆயுள் முழுக்க வளரும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் வளர்வதுபோல. சருகுமான் இந்த இரண்டிலும் சேராமல் தனியாக நிற்கிறது. பழந்தமிழில் வெளிமானுக்கு இரலை என்று தனிப்பெயரே இருந்தது. திருகுமான் என்றும் சொல்வார்கள். எனக்கு எல்லாவற்றையும்விட வெளிமான் என்ற பெயர்தான் பிடிக்கும். வெட்டவெளியில் வாழ்வது வெளிமான். அந்தப் பெயரில் உள்ள வெளி, எலும்பிலும் இருக்கிறது.

மேலிருந்து தொடங்கலாம். இடுப்பெலும்பின் கிண்ணக் குழியில் தொடை எலும்பின் உருண்டைத் தலை பொருந்துகிறது. நமக்கும் அப்படித்தான். ஆனால் அசைபோடும் விலங்குகளில் அந்த உருண்டையின் வழவழப்பான மூட்டுப்பரப்பு கழுத்துப் பக்கமாகவும் நீண்டு படர்ந்திருக்கிறது. கால் முன்னும் பின்னும் தாராளமாக வீசும். நம்மைப்போல் பக்கவாட்டில் அகட்டிச் சம்மணம் போட அதனால் இயலாது. குதிரையின் தொடை எலும்பில் வெளிப்புறமாக ஒரு மூன்றாவது முண்டு துருத்தி நிற்கும். ஆட்டிலும் வெளிமானிலும் அது இல்லை. தொடை எலும்பு மட்டும் கையில் கிடைத்தால் கால்நடை மருத்துவ மாணவர்கள் முதலில் விரலால் தேடுவது அந்த முண்டைத்தான்.

முழங்கால் சில்லுக்குக் கீழே கணைக்கால் எலும்பு. நமக்கு அங்கே இரண்டு எலும்புகள் உண்டு. உள்பக்கம் தடித்தது, வெளிப்பக்கம் மெல்லியது. பாதத்தை ஓரளவு திருப்ப மெல்லியதும் உதவுகிறது. என் மேசையில் கிடந்த ஆட்டுக்காலில் அந்த மெல்லிய எலும்பைத் தேடித் தேடிப் பார்த்தேன். மேல்நுனி மட்டும் ஒரு சிறு முள்ளாகத் தடித்த எலும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. நடுப்பகுதி கிடையாது. கீழ்நுனி தனியாகக் கழன்று, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டாகக் கணுக்காலின் வெளிப்பக்கத்தில் கிடந்தது. மாடு, ஆடு, மான் எல்லாவற்றிலும் இதே கதைதான். காலைத் திருப்பும் வசதியை விட்டுக்கொடுத்து, ஒரே தளத்தில் மடங்கி நிமிரும் கீலை வாங்கிக்கொண்டிருக்கின்றன.

அடுத்து வரும் மூட்டில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஆட்டின் பின்னங்காலில் முழங்கால் பின்பக்கமாக மடிகிறது என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். எங்கள் உப்பளங்களில் வந்து நிற்கும் பூநாரைகளைப் பார்த்தும் அப்படியே நினைத்தேன். அது முழங்காலே இல்லை, கணுக்கால். முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே மறைந்திருக்கிறது. பின்னால் கூராகத் துருத்தும் எலும்பு குதிகால். தரையைத் தொடவேண்டிய குதிகால் தரையிலிருந்து வெகு உயரத்தில் நிற்கிறது. அப்படியென்றால் வெளிமான் நிற்பதும் ஓடுவதும் இரண்டு விரல் நுனிகளில். கட்டைவிரல் போய்விட்டது. ஓரத்து இரண்டு விரல்களும் தேய்ந்து சிறு ஒட்டுக்குளம்புகளாகத் தொங்குகின்றன. நடு இரண்டு விரல்களின் நகங்கள்தான் நாம் பார்க்கும் பிளவுக்குளம்பு.

கணுக்காலின் நடுவே இருக்கும் தாலஸ் எலும்பைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பெரிய நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். கிணற்று ராட்டினத்தில் கயிறு ஓடும் பள்ளம்போல அதன் மேல்பக்கம் ஒரு பள்ளம், இரு மருங்கிலும் விளிம்பு. கணைக்கால் எலும்பின் அடிப்பகுதி அதில் உட்கார்ந்து உருள்கிறது. குதிரைக்கும் இது உண்டு, ஆனால் பள்ளம் சாய்வாக ஓடும். மாட்டிலும் ஆட்டிலும் நேராக ஓடுகிறது. எலும்பைத் தலைகீழாகத் திருப்பினால் அடிப்பக்கத்திலும் இன்னொரு ராட்டினம். இரட்டைப்படைக் குளம்பு விலங்குகளை உலகெங்கும் அடையாளம் காட்டும் முத்திரை இந்த இரட்டை ராட்டினம். ஒரே கணுக்கால் இரண்டு இடத்தில் மடங்குகிறது. மடக்கிய காலை வயிற்றோடு ஒட்டவைத்து, அடுத்த நொடி முழு நீளத்துக்கும் வீசி உதைக்க முடிகிறது. வெளிமான் தரையை விட்டு எழும்பும் அந்தத் துள்ளலுக்கு இந்த நெல்லிக்காய் எலும்பு பெரிதும் காரணம்.

இதே எலும்புக்குக் கடலோடும் ஒரு கணக்கு இருக்கிறது. 2016 ஜனவரியில் மணப்பாடு, கல்லாமொழி கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மீனவர்கள் கயிறு கட்டி இழுத்துக் கடலுக்குள் விட்டும் சில திரும்பவும் கரைக்கே வந்தன. அந்தத் திமிங்கிலமும் வல்லநாட்டு மானும் தூரத்து உறவினர்கள். பாகிஸ்தானில் கிடைத்த பழங்காலத் திமிங்கிலங்களின் புதைபடிவங்களைத் தொல்லுயிரியலாளர்கள் பிலிப் ஜிஞ்சரிச், தெவிஸ்ஸன் ஆகியோரின் குழுக்கள் 2001-இல் தனித்தனியே வெளியிட்டன. கால் இருந்த காலத்துத் திமிங்கிலங்கள் அவை. அவற்றின் கணுக்காலில் இருந்தது இரட்டை ராட்டினத் தாலஸ். திமிங்கிலம் எந்தக் கிளையிலிருந்து பிரிந்தது என்ற நெடுநாள் வழக்கில் மரபணுச் சான்று ஒரு பக்கமும் எலும்புச் சான்று வேறு பக்கமும் நின்றுகொண்டிருந்தன. இரண்டையும் ஒரே பக்கம் சேர்த்தது இந்த எலும்பு. ஜம்மு காஷ்மீரில் இந்தியப் புவியியலாளர் ரங்கா ராவ் சேகரித்து வைத்திருந்த பாறைகளுக்குள்ளிருந்து வெளிப்பட்ட, இந்தோஹியஸ் என்ற சிறு குளம்பு விலங்கின் எலும்புகளைப் பற்றி 2007-இல் வெளிவந்த ஆய்வு அந்த உறவை இன்னும் நெருக்கமாக்கியது. மணப்பாட்டில் ஒதுங்கியவற்றின் உடலுக்குள் இடுப்பெலும்பின் மிச்சமாக இரு சிறு துண்டுகள் இருந்திருக்கும். கால் இல்லை. ஒரு கிளை காலை நீட்டிக்கொண்டே போனது, இன்னொரு கிளை காலையே விட்டுவிட்டது.

கணுக்காலுக்குக் கீழே நீளமாக ஒரு தண்டெலும்பு வருகிறது. பாயாக்காரர்கள் கால் என்று விற்பது பெரும்பாலும் இதைத்தான். நம் பாதத்தில் ஐந்து எலும்புகளாக விரிந்திருப்பவற்றில் மூன்றாவதும் நான்காவதும் இங்கே ஒன்றாக இணைந்துவிட்டன. கருவில் தனித்தனியாக இருந்து பிறகு கூடியவை. கூடிய தடம் முன்பக்கத்தில் நெடுகிலும் ஒரு வாய்க்கால்போல ஓடுகிறது. உயிருள்ள காலில் அந்த வாய்க்காலில் இரத்தக்குழாய் போகும். முன்னங்கால் தண்டெலும்பு சற்றுத் தட்டையாகவும் பின்னங்கால் தண்டெலும்பு சதுரக் கட்டையாகவும் இருப்பதால் உடைந்த துண்டையும் எந்தக் கால் என்று சொல்லிவிடலாம்.

வேகத்தின் கணக்கு இந்த எலும்பின் நீளத்தில் இருக்கிறது. மாட்டுக்குத் தொடை எலும்பைவிடத் தண்டெலும்பு நன்றாகக் குட்டை. பாரம் தாங்கும் கால் அது. வெட்டவெளியில் ஓடிப் பிழைக்கும் விலங்குகளில் தண்டெலும்பு நீண்டு, மெலிந்து, தொடை எலும்பின் நீளத்தை நெருங்குகிறது. ஒரு கம்பின் நுனியில் கல்லைக் கட்டி வீசிப் பாருங்கள், பிறகு அதே கல்லைக் கைப்பிடிக்கு அருகே கட்டி வீசுங்கள். இரண்டாவது எவ்வளவு இலேசு என்பது உடனே தெரியும். வெளிமானின் சதை முழுவதும் இடுப்பிலும் தொடையிலும் திரண்டிருக்கிறது. கணுக்காலுக்குக் கீழே எலும்பு, தோல், வெண்ணிறத் தசைநாண்கள், அவ்வளவே. கடைக்காரர் சொன்னது இதைத்தான். குளம்பு தரையில் அழுந்தும்போது அந்தத் தசைநாண்கள் ரப்பர்போல இழுபட்டு, எழும்பும்போது அந்த விசையைத் திருப்பித் தருகின்றன. எட்டு வைக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உழைப்பு மிச்சம். மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகம் இப்படித்தான் கட்டுப்படியாகிறது. இந்தியச் சமவெளியில் இந்த வேகத்தை விரட்டிப் பிடிக்க ஒரு விலங்கு இருந்தது. சிவிங்கிப்புலி. 1952-இல் அது இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. விரட்டியது போனபின்பும் ஓடிய கால் அப்படியே இருக்கிறது.

இனி அந்த வாய்க்காலுக்குத் திரும்புகிறேன். ஆட்டின் தண்டெலும்பைத் திருப்பி, முன்பக்க வாய்க்காலில் சுண்டுவிரல் நகத்தை வைத்துக் கீழ்நோக்கி இழுத்தால், இரு குமிழ்களாகப் பிரியும் கீழ்நுனி வரை நகம் தடையில்லாமல் போகிறது. வாய்க்கால் திறந்தே இருக்கிறது. மாட்டிலும் வெளிமானிலும் அப்படித்தான். புள்ளிமான், கடமான் போன்ற உதிர்கொம்பு மான்களில் கீழ்நுனியை நெருங்கும்போது வாய்க்காலின் மேல் எலும்பே ஒரு சிறு பாலம் கட்டிவிடுகிறது. நகம் அங்கே தட்டி நிற்கும். தலையும் கொம்பும் தோலும் இல்லாமல் ஒரு காலெலும்பு மட்டும் கிடைத்தாலும், எந்தக் குடும்பம் என்று சொல்லப் பல சமயம் இந்தப் பாலம் போதும். வேட்டை வழக்குகளில் இன்று மரபணுச் சோதனை வந்துவிட்டது. ஆனால் காட்டோரத்தில் சாக்கு மூட்டையைப் பிரிக்கும் வனக்காவலருக்கு முதலில் உதவுவது கண்ணும் நகமும்தான். நம் பக்கத்துக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் வன ஊழியர்களுக்கு இதை எலும்பைக் கையில் கொடுத்தே சொல்லித்தர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. படத்தில் பார்த்தால் இது மனதில் நிற்காது.

இதே கண்தான் பழங்காலத்தையும் படிக்கிறது. கீழடியில் கிடைத்த எலும்புத் துண்டுகளில் எழுபது புனே டெக்கான் கல்லூரிக்கு அனுப்பப்பட்டன. காளை, எருமை, ஆடு ஆகியவற்றோடு நீலான், வெளிமான், காட்டுப்பன்றி, மயில் ஆகியவையும் அடையாளம் காணப்பட்டன. வைகைக் கரையின் அன்றைய நிலம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு வெளிமானின் எலும்பு ஒரு சாட்சி. அடர்காட்டில் அது வாழாது. கண்ணுக்கெட்டும் தூரம் புல்லும் பொட்டலும் அங்கே இருந்திருக்க வேண்டும். வல்லநாட்டுக்குப் பக்கத்திலேயே ஆதிச்சநல்லூரில் 2004-இல் நடந்த அகழாய்வில், பெண்ணுருவமும் மானும் கொக்கும் முதலையும் ஒட்டுருவமாகப் பதித்த மண்கலத் துண்டு கிடைத்தது. குயவர் கை மானை மறக்கவில்லை.

உலக அளவில் வெளிமான் இன்று அழிவின் விளிம்பில் உள்ள இனமாகக் கணக்கிடப்படவில்லை. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் பெரிய கூட்டங்கள் உள்ளன. அழிவின் விளிம்பில் நிற்கும் உதிர்கொம்பு மான் என்றால் மணிப்பூரின் சங்காயைச் சொல்ல வேண்டும். 1951-இல் அது அற்றுப்போனதாகவே அறிவித்தார்கள். 1953-இல் இயற்கையியலாளர் இ. பி. ஜீ லோக்தாக் ஏரியோரத்தில் அதை மீண்டும் கண்டார். 1975 கணக்கெடுப்பில் 14 மட்டும். 2016-இல் 260. அது வாழும் கெய்புல் லம்ஜாவோ தேசியப் பூங்காவில் காலுக்குக் கீழே கெட்டித் தரை கிடையாது. புல்லும் வேரும் மக்கிய மண்ணும் பின்னி மிதக்கும் மெத்தைதான் தரை. பும்டி என்பார்கள். ஐந்தில் ஒரு பங்கு தண்ணீருக்கு மேலே, மிச்சம் கீழே. அந்த மெத்தையில் சங்காய் குளம்பு நுனியை மட்டும் ஊன்றினால் புதைந்துவிடும். ஆகவே குளம்புக்கு மேலுள்ள விரலெலும்புகளின் பின்பக்கத்தையும் சாய்த்துப் பதித்து, ஒட்டுக்குளம்புகளையும் தரையில் சேர்த்து, பாரத்தைப் பரப்பி நடக்கிறது. அந்த நடையைப் பார்த்துத்தான் ஆடும் மான் என்று பெயர் வந்தது. 1983-இல் இதாய் தடுப்பணை வந்தபின் ஏரி ஆண்டு முழுக்க நிறைந்தே நிற்கிறது. முன்பெல்லாம் கோடையில் பும்டி கீழே இறங்கி ஏரிப்படுகையைத் தொட்டு, வேர்கள் சத்து உறிஞ்சி, மழைக்கு மறுபடி மேலெழும். இறங்க வழியில்லாததால் மெத்தை மெலிகிறது. சங்காயின் காலில் எந்தக் குறையும் இல்லை. மெத்தைதான் அதைத் தாங்க முடியாமல் மெலிகிறது.

வல்லநாட்டு மானின் நிலையும் ஏறக்குறைய இதுதான் என்பதே என் கருத்து. அதன் குளம்பு கூரானது, குறுகியது. கெட்டித் தரையைக் குத்தி உதைக்க அமைந்தது. அதன் கால் மடங்கி நிமிரும் ஒரே தளத்தில் வேகம் உண்டு. வழுக்குப் பாறையில் திருகி நிற்கும் இலாவகம் மலையாடுகளின் சொத்து. நாம் வெளிமானுக்குத் தந்ததோ ஒரு குன்று, அதில் உடைமரமும் முட்புதரும். குன்று அதைக் காப்பாற்றியிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. சுற்றியிருந்த சமவெளி உழவுக்கும் சாலைக்கும் போனபோது ஒதுங்க இடம் கொடுத்தது அந்தக் குன்றுதான். ஆனால் மேயவும் ஓடவும் மான் அடிவாரத்துக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கினால் பயிர்க்காரரின் கோபம், தெருநாய், சாலை.

ஆகவே வல்லநாட்டில் வேலிக்கு உள்ளே இருப்பதைப்போலவே வேலிக்கு வெளியே இருப்பதும் முக்கியம். வருவாய்க் கணக்கில் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் எழுதப்பட்ட திறந்த நிலங்கள் வெளிமானுக்கு விளைநிலங்கள். காலியாகக் கிடக்கிறதே என்று அங்கே மரம் நடுவது நல்ல மனதோடு செய்யும் கெடுதல். கோடியக்கரையில் புல்வெளியைச் சீமைக்கருவேல் மூடியபோது அங்கிருந்த வெளிமான்கள் என்ன பாடுபட்டன என்று பார்த்தோம். சென்னை கிண்டியில் மரங்கள் நெருங்க நெருங்க, வெளிமான்கள் போலோ மைதானத்துத் திறந்த புல்தரையை நம்பியே நாளை ஓட்டின. மரம் அடர்ந்தால் புள்ளிமானுக்குக் கொண்டாட்டம். வெளிமானுக்குப் பார்வையும் மறைந்து, ஓட இடமும் போகிறது. இந்த வேறுபாட்டை மான் என்ற பொதுச்சொல் மறைத்துவிடுகிறது. தண்டெலும்பில் அது பாலமாகவும் திறந்த வாய்க்காலாகவும் பதிந்து கிடக்கிறது.

வெளிமானைப் பிடித்து இடம் மாற்றலாமே என்று சுலபமாகச் சொல்வார்கள். துரத்திப் பிடிக்கப்பட்ட வெளிமானின் தொடைத் தசைகள் அளவு மீறிய உழைப்பில் சிதைந்து, வெளிக்காயம் ஏதுமில்லாமலே சில நாளில் அது இறந்துபோகலாம். கால்நடை மருத்துவர்கள் அஞ்சும் நிலை இது. எலும்பு முறிந்தாலும் அதே சிக்கல்தான். அவ்வளவு மெலிந்த தண்டெலும்புக்கு மேலே போர்த்தச் சதையில்லை. முறிவு தோலைக் கிழித்து வெளியே வந்துவிடும், இரத்த ஓட்டமும் குறைவு. ஓடுவதற்காகக் குறைத்துக்கொண்ட எல்லாமே, விழுந்தபின் ஆறுவதற்குத் தடையாகின்றன. இறந்துபோகும் ஒவ்வொரு வெளிமானின் கால் எலும்பும் முறைப்படி அளக்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டால், அடுத்த மானுக்குக் கட்டுப்போடும் மருத்துவருக்கு அது வரைபடமாகும்.

போன மாசியில் வல்லநாட்டு அடிவாரத்தில் ஒரு விவசாயி தன் தரிசைக் காட்டினார். முந்தின நாள் தூறலில் மண் இளகியிருந்தது. வரப்புக்கு இந்தப் பக்கம் இரண்டு பின்குளம்புத் தடங்கள், நுனி ஆழமாகப் புதைந்து, பின்பக்கம் மண் தெறித்து. வரப்புக்கு அந்தப் பக்கம் மறுபடி தடம். நடுவில் ஒன்றுமில்லை. "எண்ணிப் பாருங்க அண்ணாச்சி" என்றார். நடந்து எண்ணினேன். என் காலுக்கு ஆறு எட்டு இருந்தது.